ஃபேன் ஓடும் ஹாலில் 24 பிட் எதற்கு?

அம்பத்தூரில் மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இங்குள்ள தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் சோதனை மேசையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால், தெருவில் யார் ஆம்ப் வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள். "அங்கிள், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் டி.ஏ.சி. வாங்கட்டுமா?" என்பதுதான் இப்போது அடிக்கடி வரும் கேள்வி. டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டிதான் டி.ஏ.சி. "ஹால்ல ஃபேன் எத்தனாம் நம்பர்ல ஓடும்?" என்பேன்.

கிண்டல் இல்லை, கணக்கு. 1982இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இதில் 22,050 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். நல்ல இளங்காதுக்கு எட்டுவது 20,000 வரைதான். என் வயதில் 12,000 தாண்டினாலே சந்தேகம். 16 பிட் என்றால் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி. ஃபேன் சுற்ற, சி.டி.எச். ரோட்டு பஸ் இரைச்சலும் சேர்ந்தால் ஹாலில் 45 டெசிபல் சர்வசாதாரணம். அதன்மேல் 96ஐ அடுக்கினால் 141. காது வலிக்கத் தொடங்குவதோ 120 வாக்கில். ஆக, சிடி தருவதையே நம்மால் முழுசாக அனுபவிக்க முடியாது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 24 பிட் வேண்டும்தான். அது வேறு கதை.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். எண்பதுகளின் இளையராஜா பாட்டை யாரோ தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியிருந்தால் எந்த டி.ஏ.சி.யும் அதைக் கரையேற்றாது. ப்ளூடூத்தும் அப்படித்தான். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட், சாதாரண எஸ்.பி.சி. முறை அதை 328 வாக்கில் சுருக்கித்தான் அனுப்பும். போனிலிருந்து யூ.எஸ்.பி. டாங்கிள் வழியாக ஒயர் போட்டாலே இந்தச் சிக்கல் தீர்ந்தது.

டி.ஏ.சி. வாங்காமல் மிஞ்சும் பணத்தை ஹாலுக்குச் செலவழியுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளின் ஹால் பெரும்பாலும் பன்னிரண்டுக்குப் பத்தடி: டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், கண்ணாடி ஷோகேஸ். கை தட்டினால் கணகணவென்று திரும்பி வரும். பன்னிரண்டடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் வாக்கிலுள்ள பேஸ் ஒலி இரு சுவர்களுக்கிடையே தங்கி நின்றுவிடும்: சுவரோரம் முழங்கும், நட்டநடுவில் காணாமல் போகும். நாமோ சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, பேஸ் இரைகிறது என்று ஸ்பீக்கரைத் திட்டுகிறோம். சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். ஸ்பீக்கரை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வருமாறு ஸ்டாண்டில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையவேண்டும். பிறகு ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் நகர்த்தட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டுத் தெறிக்கிறது. அந்த இடத்தில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து, மேலே பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் பாடகரின் குரல் ஹாலின் நடுவே வந்து நிற்கும். வீட்டு அம்மாவிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு. கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோம் பேஸை ஒன்றும் செய்யாது. பல ஆயிரம் ரூபாய் யூ.எஸ்.பி. கேபிளை நான் சல்லிக்காசுக்கு மதிப்பதில்லை.

இனி ஸ்பீக்கரில் கேட்கும் உறுமலுக்கு வருவோம். செட்டாப் பாக்ஸை ஆம்போடு இணைத்ததும் "ம்ம்ம்" என்று ஒலித்தால், தெருவிலிருந்து வரும் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், அந்த ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் சேர்ந்து வளையம் போட்டிருக்கின்றன என்று அர்த்தம். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் எலக்ட்ரீஷியன் உண்டு. ஷாக் அடிக்கலாம், விடாதீர்கள். பாக்ஸை நேராக ஆம்போடு இணைக்காமல், டி.வி.யிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெளிச்சம் என்பதால் மின்தொடர்பு அறுந்துவிடும். ரிச்சி தெருவில் கிடைக்கும். இரண்டு முனையிலும் மூடியிருக்கும் குட்டி பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள்.