வியர்வை ஆவியாகாத நாளில் வேலையை ஏன் நிறுத்த வேண்டும்?

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. 2021இல் வந்த விதி. அதைவிட முக்கியமானது இன்னொன்று: வெப்ப அழுத்தக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

32 டிகிரி நமக்குச் சாதாரணம்தானே? ஆனால் இது வெறும் காற்றின் வெப்பநிலை அல்ல; வெயிலில் இந்தக் குறியீட்டின் 70 சதவீதம் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியிலிருந்து வருகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஒரு லிட்டருக்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை சொட்டுமே தவிர, ஆவியாகாது. கம்பி சுமக்கும் தசைகளோ சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அப்போது குடிதண்ணீர் மட்டும் காப்பாற்றாது. நிழலும் ஓய்வும் வேண்டும்.

புதிதாக வந்தவரின் உடல் வெப்பத்துக்குப் பழக ஓரிரு வாரம் பிடிக்கும். முதல் நாளே முழு வேலை வாங்குவது கொடுமை. வெப்பத்தில் வேலை செய்பவரின் பேச்சு குழறினால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடலெங்கும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள்.