மலைச் சாலையின் ஆபத்து யார் தலையில்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாலை இல்லாத குறை அந்த வழக்கில் முக்கியமாகப் பேசப்பட்டது.

கரியாலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சாலை வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், சாலை போடுவதில் உள்ள ஆபத்தை யார் சுமப்பது என்று கேட்டாக வேண்டும்.

மலையை வெட்டினால் மண் சரியும். வடிகாலும் தடுப்புச் சுவரும் இல்லாவிட்டால் ஒரே பருவமழையில் சாலை அரித்துப் போகும். வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளினால் கீழே உள்ள ஓடையும் வயலும் மூடிப்போகும். நிலமும் அனுமதியும் அரசின் பொறுப்பு, தரம் ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று காகிதத்தில் பிரித்து எழுதுகிறார்கள். நடப்பில் ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரிடமும், அவர் மேஸ்திரியிடமும் பொறுப்பைத் தள்ளிவிட, கடைசியில் அது கல் உடைப்பவர், தார் ஊற்றுபவர் தலையில் வந்து விழுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினருமே. கூலியும் அவர்களுக்குத்தான் குறைவு, காயமும் அவர்களுக்குத்தான்.

இதைத் தடுக்க நம் கையில் சட்டமும் விதிகளும் இருக்கின்றன.

முதலாவது, வன உரிமைச் சட்டம், 2006. அதன் 3(2) பிரிவின்படி, சாலை உள்ளிட்ட 13 வகை அடிப்படை வசதிகளுக்கு, பணி ஒன்றுக்கு 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. 'வனத்துறை அனுமதி இல்லை' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்படும் பதிலுக்கு இது ஒரு மாற்று வழி.

இரண்டாவது, பிரதமர் கிராமச் சாலைத் திட்ட விதிகள். இத்திட்டத்தில் நிலம் வாங்கப் பணம் ஒதுக்குவதில்லை. அதனால், சாலை வளைகிற இடமெல்லாம் ஏழையின் பட்டா நிலம் 'தானமாக' போய்விடும் ஆபத்து உண்டு. ஆனால், திட்ட அறிக்கை தயாராகும் முன் அதிகாரிகள் ஊராட்சித் தலைவரோடும் ஊர் மக்களோடும் சாலை போகும் வழி நெடுக நடந்து பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த நாளில் நம் குடியிருப்பு ஆட்களும் கூட நடக்க வேண்டும்.

மூன்றாவது, அதே திட்டத்தில் சாலை முடிந்த பின் 5 ஆண்டுகள் பராமரிப்பதும் ஒப்பந்ததாரரின் கடமை. முதல் மழையில் பெயர்ந்த சாலைக்கு மறுபடி மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பலகையில் உள்ள முடிவுத் தேதியைக் காட்டி வேலையைக் கேட்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று வீட்டில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அட்டை தேடுவதில் பயனில்லை.

ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. கரியாலூரிலும் மலையடிவார ஊர்களிலும் படிக்கிற மாணவர்கள், அடுத்த கூட்டத்தில் சாலைப் பணியின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி ஊர் முன் உரக்கப் படியுங்கள். வடிகாலுக்கு எவ்வளவு, தடுப்புச் சுவருக்கு எவ்வளவு என்பது ஊருக்குத் தெரியட்டும். வேலை தொடங்கும் முன் கேட்கிற கேள்விதான் உயிரைக் காக்கும்.