தொண்டும் ஊதியமும்

விளையாட்டுக் கழகங்களுள் பெரும்பாலானவை தொண்டர்களால் தோன்றியவை. பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்து, ஓய்வு நேரத்தில் கழகப் பணியைக் கவனித்த ஆர்வலர் சிலரே அவற்றை வளர்த்தனர். கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், போட்டி நாள்களைக் குறித்தல், திடலைச் செப்பனிடுதல் முதலிய யாவும் அவர்தம் கைகளாலேயே நடைபெற்றன. கழகம் வளர வளர இப்பணிகளும் பெருகும். ஓய்வு நேரம் போதாமற்போகும். அப்பொழுது ஊதியம் பெறும் அலுவலரை அமர்த்துதல் இன்றியமையாததாகிறது. அதனால் கழகத்தில் நிகழும் மாறுதல்கள் யாவை? உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

‘ஃபிஃபா’ என வழங்கும் இக்கூட்டமைப்பு, 1904-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தது. பிரான்சு, பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, ஸ்பெயின், சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாட்டினர் அதனைத் தோற்றுவித்தனர். கார்ல் ஹிர்ஷ்மன் என்னும் டச்சு வங்கியாளர் 1906-ஆம் ஆண்டு முதல் அதன் செயலாளராக விளங்கினார். ஆம்ஸ்டர்டாம் நகரில் இருந்த அவருடைய சொந்த அலுவலகமே கூட்டமைப்பின் அலுவலகமாகவும் பயன்பட்டது. முதல் உலகப் போர் மூண்டு நாடுகள் பகைமை பூண்டபோதும், 1918-இல் தலைவர் டேனியல் வுல்ஃபால் மறைந்தபோதும், அமைப்பு அழிந்துவிடாமல் காத்தவர் அவரே. தொண்டின் வலிமைக்கு இது நல்ல சான்றாகும்.

ஆயினும், அத்தொண்டிலேயே ஓர் இடரும் மறைந்திருந்தது. ஒருவருடைய சொந்த அலுவலும் பொது அமைப்பின் அலுவலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. 1929-ஆம் ஆண்டில் உலகெங்கும் பங்குச் சந்தைகள் வீழ்ந்து பொருளாதாரம் சீர்குலைந்த காலத்தில், ஹிர்ஷ்மனின் முதலீடுகள் பொய்த்தன. கூட்டமைப்பின் பணமும் அவற்றோடு இழப்புக்கு உள்ளாயிற்று. 1931-இல் அவர் பதவியினின்று விலகினார். கால் நூற்றாண்டு உழைத்தவரின் பணி இவ்வாறு முடிந்தது வருந்தத்தக்கதே.

அடுத்த ஆண்டு, கூட்டமைப்பு தன் அலுவலகத்தைச் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் அமைத்தது. முன்னாள் ஆட்டக்காரராகிய இவோ ஷ்ரிக்கர் என்னும் ஜெர்மானியர், ஊதியம் பெறும் முழுநேரச் செயலாளராக அமர்ந்தார். இதனால் விளைந்த நன்மைகள் பல. பொதுப்பணம் தனியார் பணத்தினின்று பிரிந்தது. ஆவணங்கள் ஒருவர் வீட்டோடு போகாமல் அலுவலகத்தில் தங்கின. செயலாளர் மாறினாலும் செயல் தொடர்ந்தது. தொண்டரிடம் ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்கத் தயங்குவோர், ஊதியம் பெறுபவரிடம் அதனை உரிமையோடு கேட்க முடியும்.

எனினும், ஊதிய அலுவலரின் வருகை வேறொரு மாறுதலையும் மெல்லக் கொணரும். உறுப்பினர் கூடுவது எப்போதோ ஒரு நாள். அலுவலர் இருப்பதோ எல்லா நாளும். கூட்டத்தில் ஆராய வேண்டிய பொருள்களை வகுப்பவரும், வேண்டிய தாள்களை ஆயத்தம் செய்பவரும் அவரே. அனைத்தும் அறிந்தவர் சொல்லுக்கு ஒரு பகுதியே அறிந்தவர் தலையசைப்பது இயல்பு. ‘அதற்கென ஆள் இருக்கிறாரே’ என்று தொண்டர்களும் ஒதுங்கத் தொடங்குவர். முடிவு செய்யும் உரிமை சட்டப்படி உறுப்பினரிடம் இருப்பினும், நடைமுறையில் அலுவலகத்தின் கைக்கு மாறிவிடுகிறது.

1974-இல் பிரேசில் நாட்டு ஜுவாவ் ஹவலாஞ்சு தலைவரான பின், விளம்பரத்தாலும் தொலைக்காட்சியாலும் பெரும்பணம் வரலாயிற்று. அலுவலர் தொகையும் பெருகியது. இளைஞர்க்கான உலகப் போட்டி 1977-இலும், மகளிர்க்கான உலகக் கோப்பைப் போட்டி 1991-இலும் தொடங்கின. ஓய்வு நேர உழைப்பால் மட்டும் இவற்றை நடத்தியிருத்தல் அரிது. அதே காலத்தில், 1975-இல் ஊதிய அலுவலராய்ச் சேர்ந்த செப் பிளாட்டர் 1981-இல் பொதுச் செயலாளராகி, 1998-இல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏவப்படும் அலுவலகத்திலிருந்தே ஏவும் தலைமை தோன்றியது.

2015-ஆம் ஆண்டு மே மாதம், கையூட்டுக் குற்றச்சாட்டின்பேரில் கால்பந்து நிருவாகிகள் சிலர் சூரிச் நகரில் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அலுவலகத்தில் ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர். உறுப்பு அமைப்புகளின் சார்பில் பொறுப்பேற்றவர். ஆகவே, தீங்கு ஊதியத்தால் மட்டுமே வருவதன்று என்பது புலனாகிறது. 1931-இல் சொந்தப் பணத்துக்கும் பொதுப் பணத்துக்கும் இடையே வேலி இல்லை. 2015-இலோ அதிகாரத்துக்கும் அதனைக் கண்காணிப்பதற்கும் இடையே வேலி போதவில்லை. 2016-இல் கூடிய பேரவை புதிய விதிகளை ஏற்றது. கொள்கை வகுத்தல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கும், அன்றாட நிருவாகம் பொதுச் செயலகத்துக்கும் உரியன என்று அவ்விதிகள் வரையறுத்தன. தலைவரின் பதவிக்காலத்துக்கு எல்லை விதிக்கப்பட்டது. உயர் பொறுப்பாளரின் ஊதியத்தை வெளியிட வேண்டும் என்பதும் விதியாயிற்று. விதிகள் எழுதப்படுவதோடு பணி முடிவதில்லை. அவற்றைக் காப்பதற்கு விழிப்புள்ள உறுப்பினர் வேண்டும்.

ஊர்க் கழகத்துக்கும் இது பொருந்தும். கணக்கெழுதவும் திடலைப் பேணவும் ஊதியத்துக்கு ஆள் அமர்த்துவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அது பணியைச் சிறப்பிக்கும். ஆனால், கணக்கைப் படித்துப் பார்த்தலும், கூட்டத்துக்கு வருதலும், ஐயம் எழுந்தால் அஞ்சாது வினவுதலும் உறுப்பினரின் கடமைகள். வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அக்கறையை ஒப்படைத்தல் இயலாது.