பூனைக்கு லங்கணம் ஆகாது

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவு எட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் ஜொகூர் பாருவில் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் பூனை இருந்தால், காலையில் தட்டு நிறைய உலர் உணவைக் கொட்டிவிட்டு ஓடுவார்கள். இரவு வந்து பார்த்தால் தட்டில் உணவு இருக்கும். காலையில் போட்டதா, மதியம் அம்மா போட்டதா? யாருக்கும் தெரியாது. மறுநாளும் அப்படியே. பூனை அலமாரிக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது என்பது சனிக்கிழமைதான் கண்ணில் படும். அதற்குள் மூன்று நாள் போயிருக்கும்.

பூனைக்கு அந்த மூன்று நாள் மிக நீண்ட காலம்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. காய்ச்சல் வந்தால் வயிற்றைக் காயப்போடு, தானாகப் பசி எடுக்கும் என்பார்கள். மனிதனுக்குப் பல நேரம் சரிதான். நாய்கூட ஒருநாள் சாப்பிடாமல் கிடந்து எழுந்துவிடும். பூனையின் உடம்பு அப்படி அமையவில்லை. அது முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. உணவு நின்றதும் உடம்பில் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது. அதைச் செரித்து வெளியே அனுப்பத் தேவையான புரதச் சத்துகள் தினசரி உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். உணவு இல்லை என்றால் கொழுப்பு கல்லீரலிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். மருத்துவர்கள் இதை 'ஹெப்பாட்டிக் லிப்பிடோசிஸ்' என்கிறார்கள். கல்லீரல் கெட்டால் குமட்டல் வரும். குமட்டினால் பூனை இன்னும் சாப்பிடாது. முதலில் வந்த சளியோ பல்வலியோ குணமான பிறகும் இந்தச் சுழல் நிற்பதில்லை. கொழுகொழுவென்று இருக்கும் பூனைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். 'அதற்கென்ன, உடம்பில் சதை இருக்கிறது, தாங்கும்' என்று நினைப்பது நேர்மாறான கணக்கு.

ஆகவே நாள் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு வையுங்கள். வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். 48 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். குட்டிக்கு அரை நாளே அதிகம். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றாலோ, எந்தப் பூனையாவது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான். ஈறும் கண்ணின் வெண்பகுதியும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரிந்தால் கல்லீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

'கொஞ்சம் நக்கியதே' என்பதைச் சாப்பாட்டில் சேர்க்க வேண்டாம். நான்கு கிலோ பூனைக்கு ஒருநாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். கடையில் விற்கும் சிறிய பாக்கெட் ஈர உணவில் 60 முதல் 80 கலோரிதான் இருக்கிறது. இரண்டு நக்கு எதற்கும் காணாது. எடை பார்ப்பதும் சுலபம்: பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைத்தால், அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பூனை மூக்கால் சாப்பிடுகிறது என்றே சொல்லலாம். சளி பிடித்து மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தொடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். ஈர உணவு பாக்கெட்டைச் சுடுநீரில் சற்று வைத்து, கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள். உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழியை நார் நாராகக் கிழித்துக் கொடுக்கலாம். தண்ணீரில் பதப்படுத்திய டூனா பரவாயில்லை. தக்காளிக் குழம்பில் வரும் சார்டின் டின் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. நம் வீட்டுக் குழம்பு, ரசம், சம்பல் எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. பாலும் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும், காலங்காலமாக நாம் என்ன நம்பி வந்தாலும்.

பெனடோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் கால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாராசிட்டமாலைச் செயலிழக்கச் செய்யும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லவே இல்லை எனலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைக் குடிக்கும். கொடுத்துவிட்டிருந்தால் வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

வாயைப் பிளந்து ஊட்டுவதிலும் கவனம் வேண்டும். உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரும். அதோடு, குமட்டல் இருக்கும்போது திணித்த உணவைக் குணமான பிறகும் பூனை வெறுக்கும். உதட்டை நக்குகிறது, எச்சில் வடிக்கிறது, தட்டைக் கண்டு முகத்தைத் திருப்புகிறது என்றால் அது குமட்டல். தட்டை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மூக்கிலோ முகத்திலோ ஆறாத புண் உள்ள பூனையை வெறும் கையால் தொடாதீர்கள். ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். மலேசியப் பூனைகளிடம் காணப்படும் இது, கீறல், கடி வழியாக மனிதருக்கும் ஒட்டும்.

கிளினிக்கில்

கடைசியாக எப்போது சாப்பிட்டது, வாந்தி உண்டா, சிறுநீர் போனதா, வீட்டில் நூலோ ரப்பர் வளையமோ காணாமல் போனதா? இந்த விவரங்களோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். பல்வலி, வாய்ப்புண், சிறுநீரகக் கோளாறு, குடலடைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்துகூடச் சில பூனைகள் சாப்பாட்டை விட்டுவிடும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் பல நேரம் பிடிபடாது.

நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'டிரிப் ஏற்றியாகிவிட்டது, இனி கவலையில்லை' என்பார்கள். வழக்கமாக ஏற்றும் டிரிப் நீரும் உப்பும்தான். அதில் சாப்பாடு இல்லை. நீர் வற்றிய பூனைக்கு அது அவசியம், ஆனால் பட்டினி அங்கே தொடர்ந்துகொண்டேதான் இருக்கும். 'சாப்பாட்டுக்கு என்ன வழி, டாக்டர்?' என்று கேட்டுவிடுங்கள். குமட்டல் மருந்தும் பசியைத் தூண்டும் மிர்ட்டாஸபினும் சிலவற்றுக்குப் போதும். போதாவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்தின் பக்கவாட்டிலோ உணவுக் குழாய் பொருத்துவார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும், பூனைக்கு அது வாயில் ஊசிக் குழலைத் திணிப்பதைவிட எவ்வளவோ நிம்மதி. கழுத்துக் குழாய் வழியாக வீட்டிலேயே வாரக்கணக்கில் உணவு கொடுக்கலாம். கல்லீரல் கொழுப்பு நோயில் குழாய் வழியே முறையாக உணவூட்டப்பட்டவற்றில் பத்தில் எட்டு வரை பிழைக்கின்றன. உணவு போகாதவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ஒருநாளைக்கு நான்கைந்து வேளை கொடுக்க வேண்டும் என்பதால், பாலம் கடந்து வேலைக்குப் போகும் வீட்டில் மதிய வேளை யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

இளம் பூனைக்கு வயிறு வீங்கி, காய்ச்சல் விடாமல் இருந்தால் எஃப்.ஐ.பி. நோயா என்று கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்தப் பெயரே மரணத் தீர்ப்பு. 2019இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள்; 25 பூனைகள் பிழைத்தன. இன்று அது குணப்படுத்தக்கூடிய நோய்.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில் தவறில்லை. மதிப்பீட்டைக் கேளுங்கள், எந்தப் பரிசோதனை இன்றே வேண்டும், எது காத்திருக்கலாம் என்று கேளுங்கள். சிக்கலான நிலையில் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். பயணத்தைத் தாங்குமா என்பதை இங்குள்ள மருத்துவரே சொல்லட்டும்.

பதினைந்து பதினாறு வயதுப் பூனை, சிறுநீரகம் முற்றிலும் பழுதாகிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தால் கேள்வி வேறு. வலியில்லாமல் உயிரை முடித்து வைப்பதைப் பற்றிப் பேசவே நம் குடும்பங்கள் தயங்கும். பாவம் சேரும் என்று பாட்டி சொல்வார். ஆனால் தினமும் வாயைத் திறந்து ஊற்றி இன்னும் ஒரு வாரம் இழுத்துப் பிடிப்பது பூனைக்காகவா, நமக்காகவா என்பதையும் பாட்டியிடமே கேட்கலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'உணவு உள்ளே போனால் இது தேறுமா?' தேறும் என்றால் அன்றிரவே குழாயைப் பொருத்தச் சொல்லுங்கள்.