கடை வாசல் தள்ளுவண்டியும் நகராட்சிச் சட்டமும்

நமது சங்கக் கூட்டங்களில் வரி, லைசென்ஸ், தராசு முத்திரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது கடை வாசலை மறிக்கும் தள்ளுவண்டிகளைப் பற்றித்தான். "நாம் வாடகையும் வரியும் கரண்டு பில்லும் கட்டிக் கடை நடத்துகிறோம், அவர்கள் ஒன்றும் கட்டாமல் நம் வாசலிலேயே வியாபாரம் செய்கிறார்கள்" என்று உறுப்பினர்கள் குறைப்பட்டுக் கொள்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், இதற்குப் பரிகாரமாக நகராட்சிக்கு ஒரு மனு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் என்ற பழைய வழியையே பலரும் இன்னும் நாடுகிறார்கள். 2014-ஆம் ஆண்டு முதல் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டு விட்டது. வேறு வழி ஒன்று திறந்திருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லி விடுகிறேன். அந்தச் சட்டம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, நம் மாவட்டத்தில் ஒரு ஊர்க் கடைத்தெருவில் இருபதுக்கும் மேற்பட்ட கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். தள்ளுவண்டி, தரைக்கடை அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும் என்பது கோரிக்கை. நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் காலை டிராக்டர் வந்தது. வண்டி, தராசு, கூடை எல்லாம் ஏற்றப்பட்டன. அதில் அவித்த கடலை விற்கும் ஒரு அம்மாவின் அடுப்பும் அண்டாவும் போயின. அந்த அம்மா பத்து வருடமாக என் மண்டியில்தான் கடலை எடுத்து வந்தார். சாயங்காலம் விற்றதும் பணம் கொண்டுவந்து கொடுப்பார், ஒரு நாள் தவறியதில்லை. அன்று மாலை மண்டிக்கு வந்து, "அண்ணா, பாக்கி முந்நூத்தி நாப்பது இருக்குது, அண்டா கைக்கு வந்ததும் கொடுத்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுவில் என் கையெழுத்தும் இருந்தது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கவில்லை. அண்டா திரும்பி வரவில்லை. இரண்டு மாதத்தில் பாக்கியை மட்டும் கட்டி முடித்துவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அந்த வாரம் என் சிட்டையைப் புரட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது, என்னிடம் புளி, கடலை, வெல்லம் எடுக்கும் சில்லறை ஆட்களில் பதினொரு பேர் தள்ளுவண்டிக்காரர்கள். கூட்டம் குறைந்ததால் கடைக்காரர்களுக்கும் வியாபாரம் கூடவில்லை. ஆறு மாதத்தில் வேறு வண்டிகள் அதே இடத்தில் வந்து நின்றன.

இனி சட்டத்துக்கு வருவோம். நாம் வியாபாரம் செய்யும் உரிமை என்று சொல்லும்போதெல்லாம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவைத்தான் சொல்கிறோம். அதே பிரிவின்படி தெருவில் விற்பவருக்கும் அந்த உரிமை உண்டு, ஆனால் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் டெல்லி சோதன் சிங் வழக்கில் சொன்னது. அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2014-இல் பாராளுமன்றம் சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு மே 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது.

சட்டம் சொல்வது இதுதான். ஒவ்வொரு நகராட்சியும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது தன் எல்லையில் உள்ள சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மொத்த எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு: மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம். 2011 கணக்குப்படி தருமபுரி நகராட்சியின் மக்கள் தொகை 68,619. அதன்படி பார்த்தால் சுமார் 1,700 பேர் வரை இடம் உண்டு.

இடம் மாற்றுவதாக இருந்தால் முப்பது நாள் நோட்டீஸ் தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டி உரிமை கோரினால், கெட்டுப் போகாத சரக்கை இரண்டு வேலை நாளிலும், காய்கறி, பழம் போன்றவற்றை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். (அந்த அண்டாவை நினைத்துக் கொண்டேன்.) சான்றிதழ் நிபந்தனைப்படி வியாபாரம் செய்பவரைப் போலீசோ வேறு அதிகாரியோ மட்டுமல்ல, வேறு எவருமே தடுக்கக் கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. 'வேறு எவரும்' என்பதில் நாமும் அடக்கம்.

இந்த வேலைகளுக்காக நகராட்சிகளில் அமைய வேண்டியதுதான் நகர விற்பனைக் குழு. கமிஷனர் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகள், அவர்களே தேர்தல் மூலம் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் உரிய இடம் தர வேண்டும். சான்றிதழ் தருவதிலும் இவர்களுக்கு முன்னுரிமை தரலாம். நகராட்சி மன்றத்தில் பெண்களுக்குப் பாதி இடம் என்று நம் மாநிலத்தில் 2016-இல் சட்டம் வந்தது; 2022 பிப்ரவரித் தேர்தல் அப்படித்தான் நடந்தது. மன்றத்துக்கு வெளியே, பூ விற்பவரும் கீரை விற்பவரும் கமிஷனருடன் ஒரே மேஜையில் உட்கார்ந்து இடத்தை முடிவு செய்ய வழி செய்திருப்பது இந்தக் குழு ஒன்றுதான். மனித உரிமை என்று மேடையில் பேசுவதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. குழுவில் நியமிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் போக்குவரத்துப் போலீஸ், மருத்துவ அதிகாரி, வங்கி இவற்றோடு வணிகர் சங்கம், மார்க்கெட் சங்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதாவது நமக்கும் அங்கே நாற்காலி உண்டு. எந்தத் தெருவில் வண்டி நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, எந்த நேரத்தில் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட வேண்டும். கூட்டம் அதிகம் என்ற காரணத்தை மட்டும் காட்டி ஒரு தெருவை விற்பனை தடை செய்யப்பட்ட இடமாக்க முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாலையோர வியாபாரம் நடந்து வரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் காக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் லாரி நின்று மூட்டை இறக்க இடம் வேண்டும், கடை நடை மறையக் கூடாது, தீயணைப்பு வண்டி போக வேண்டும் என்று காரணத்தோடு எடுத்துச் சொன்னால் கேட்கக் கடமைப்பட்ட இடம் அது.

வண்டிக்காரருக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. அவரோ அவர் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும். வேறு பிழைப்பு இருக்கக் கூடாது. சான்றிதழையோ இடத்தையோ வாடகைக்கு விடக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் விற்றாலோ நிபந்தனையை மீறினாலோ 2,000 ரூபாய் வரை அபராதம். இங்கே கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மிலேயே சிலர் கடை முன் நிற்கும் வண்டியிடம் தினமும் ஐம்பதோ நூறோ வாங்கிக் கொள்கிறார்கள். நகராட்சி ரோட்டுக்கு நாம் வாடகை வாங்குகிறோம்! வேறு சிலர் தங்கள் கடைச் சரக்கையே ஆள் வைத்து வண்டியில் வெளியே விற்கிறார்கள். கடை முதலாளி நிறுத்தும் வண்டிக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. குழுவில் போய் உட்காரும்போது எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

மண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. 2020 ஜூன் முதல் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் சாலையோர வியாபாரிகளுக்கு ஜாமீன் இல்லாமல் வங்கிக் கடன் கிடைத்து வருகிறது. முதலில் 10,000 ரூபாயாக இருந்த முதல் தவணை 2025-இல் 15,000 ஆக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. மீட்டர் வட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுப்பவரைவிட வங்கிக் கடனில் எடுப்பவர் நமக்கு நல்ல பற்றுவரவு.

ஆகவே அந்தந்த ஊர்க் கிளைச் சங்கங்கள் முதலில் தங்கள் நகராட்சியில் விற்பனைக் குழு அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, வணிகர் சார்பில் யார் இருக்கிறார் என்று எழுதிக் கேட்கவும். இடம் காலியாக இருந்தால் தீர்மானம் போட்டு ஒரு பெயரை அனுப்பவும். கடைத்தெருவிலேயே காலை முதல் இரவு வரை இருக்கும் ஒருவராக இருந்தால் நல்லது. ரோட்டின் அகலம், சரக்கு இறக்கும் நேரம், தினமும் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வைத்து அவரிடம் கொடுக்கவும். பெண் வியாபாரிகளுக்குக் கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். பல கடைத்தெருக்களில் நம் கடைப் பெண் ஊழியர்களுக்கும் அது இல்லை.