கல்லீரலுக்கு அத்திப்பழம் கொடுத்த பேர்

திரையில ஆறு சொல் இருக்கு, பாருங்க. இத்தாலியன்ல ஃபேகாத்தோ. ஸ்பானிஷ்ல ஈகதோ. போர்ச்சுகீஸ்ல ஃபீகது. கட்டலான்ல ஃபெட்ஜெ. ருமேனியன்ல ஃபிகாத். பிரெஞ்சுல ஃபுவா. ஆறுக்கும் அர்த்தம் கல்லீரல்தான். ஆறும் லத்தீன் பெத்த மொழிகள். ஆனா லத்தீன்ல கல்லீரலுக்குப் பேர் யெகுர்! இந்த ஆறுல எதுலயாவது அந்த ஒலி கேக்குதா?

கேக்காது. அந்தப் பேரைத் துரத்தினது சமையல்கட்டு.

ரோமாபுரிப் பணக்காரங்களுக்கு ஈரல்னா உயிர். வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி, ஈரலைக் கொழுக்க வைப்பாங்க. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஹொரேஸ் வர்ணிக்கிற ஒரு ஆடம்பர விருந்துல, அத்திப்பழம் தின்னு வளர்ந்த வெள்ளை வாத்தோட ஈரல் இலைக்கு வருது. அடுத்த நூற்றாண்டுல ரோமானிய எழுத்தாளர் பிளினி இன்னும் விவரமா எழுதுறார்: பெண் பன்றிக்கு உலர்ந்த அத்திப்பழத்தைக் குடுத்துக் கொழுக்க வச்சு, கடைசியா தேன் கலந்த திராட்சை மதுவைக் குடிக்க விட்டு, உடனே அறுத்துடுவாங்களாம். இந்த வித்தையைக் கண்டுபிடிச்சவர் அபிசியுஸ்ங்கிற ரோமானிய சாப்பாட்டுப் பிரியர்னு பிளினி சொல்றார். படிக்கவே சங்கடமா இருக்கு. ஆனா இந்தச் சொல்லோட பிறப்பு இங்கதான்.

லத்தீன்ல ஃபீகுஸ்னா அத்தி. இப்படித் தயாரான ஈரலுக்கு 'யெகுர் ஃபிகாத்தும்', அதாவது அத்தி ஊட்டின ஈரல்னு பேர். நாம ஹோட்டல்ல உக்காந்து "ஒரு நெய் ரோஸ்ட்"னு சொல்றோமே, தோசைங்கிற சொல்லே வாயில வராதே, அதே மாதிரி யெகுர் விழுந்துபோச்சு. ஃபிகாத்தும் மட்டும் நின்னுச்சு. அப்புறம் அத்தி தின்னாத மிருகத்தோட ஈரலும் ஃபிகாத்தும். மனுஷனோட ஈரலும் ஃபிகாத்தும்!

இதுக்கு வழி காட்டினது கிரேக்கம். சூக்கோன்னா அவங்களுக்கு அத்தி. இன்னைக்கும் கிரேக்கர்கள் ஈரலைச் சிக்கோத்தின்னுதான் சொல்றாங்க. அவங்களோட பழைய சொல் ஹேபார். அது வைத்தியத்துல தங்கிடுச்சு. ஹெபடைட்டிஸ் அதுல இருந்து வந்ததுதான்.

சரி, ஃபிகாத்தும் எப்படி ஈகதோ ஆச்சு? பழைய ஸ்பானிஷ்ல சொல் ஆரம்பத்துல இருந்த 'ஃப' ஒலி நிறைய இடத்துல மூச்சொலியா 'ஹ' ஆகி, பிறகு அதுவும் மறைஞ்சுபோச்சு. லத்தீன்ல மாவுக்கு ஃபரீனா, ஸ்பானிஷ்ல அரீனா. மகனுக்கு ஃபீலியுஸ், ஸ்பானிஷ்ல ஈஹோ. எழுதுறப்போ ஒரு 'எச்' நிக்கும், வாய் அதைச் சொல்லாது. பிரெஞ்சு இன்னும் அதிகமா தேய்ச்சு, நடுவுல இருந்த மெய்யெல்லாம் கரைஞ்சு, ஃபுவான்னு ஒரே அசையில முடிச்சுடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பமும் பிரெஞ்சுலதான். ஃபிகாத்தும்னாலே கொழுக்க வச்ச ஈரல். அது வெறும் ஈரலா மாறினதும், கொழுத்த ஈரலைச் சொல்ல வேற வழியில்லாம 'கொழுத்த'ங்கிற அடைமொழியை மறுபடி ஒட்டினாங்க. அதுதான் ஃபுவா கிரா. இன்னைக்கு அந்த வாத்துக்கு ஊட்டுறது பெரும்பாலும் மக்காச்சோளம்.

ஸ்பானிஷ் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அத்திப்பழத்துக்கு அங்க ஈகோ, கல்லீரலுக்கு ஈகதோ. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல எழுதி வச்சுப் படிங்க, ரெண்டுமே மறக்காது.