உலகத்தை ஜெயித்தவரும் ஒரு டெலிபோன் அழைப்பும்

கார் பந்தயம் என்றால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது காரைப் பற்றிய கதை இல்லை.

பெயர் ஜேம்ஸ் ஹண்ட், இங்கிலாந்துக்காரர். நல்ல உயரம், பொன்னிற முடி, சினிமா ஹீரோ மாதிரி முகம். டாக்டராக வேண்டிய பிள்ளை, கார் பந்தயத்தில் போய் விழுந்தார். பந்தயம் தொடங்குமுன் படபடப்பில் வாந்தி எடுப்பாராம்! வெளியே பார்ப்பவர்களுக்கோ அவர் அஞ்சாத சிங்கம்.

1974 அக்டோபரில் சூஸி மில்லர் என்ற மாடல் அழகியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் பந்தயம், பார்ட்டி, குடி என்று சுற்றுகிறவருக்கு வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது எங்கே ஞாபகம் இருக்கும்? ஒரு வருஷம்கூடச் சரியாக ஓடவில்லை. சுவிட்சர்லாந்தில் சூஸி, நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனைச் சந்தித்தாள். வேடிக்கையைக் கேளுங்கள்: அந்தப் பர்ட்டனே, விவாகரத்தான எலிசபெத் டெய்லரை 1975 அக்டோபரில் மறுபடியும் கைப்பிடித்து, இழந்த காதலுக்கு இரண்டாவது வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தவர்! அது சில மாதங்களிலேயே முறிந்தது. 1976 ஆகஸ்டில் பர்ட்டன் சூஸியை மணந்தார். (அதுவும் 1982-ல் முடிந்துபோனது.)

அதே 1976 அக்டோபரில், ஜப்பானில் கொட்டுகிற மழையில் ஹண்ட் உலக சாம்பியன் ஆனார். நிகி லாடாவைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்! மனைவி போனது நல்லதாகப் போயிற்று என்பதுபோலத்தான் பேசினார். ஆண்பிள்ளைகள் வேறெப்படிப் பேசுவார்கள்?

1978-ல் இத்தாலியில் பந்தய விபத்து. தீப்பிடித்த காரிலிருந்து ரோனி பீட்டர்சனை இழுத்து மீட்டவர்களில் ஹண்டும் ஒருவர். மறுநாள் பீட்டர்சன் இறந்துவிட்டார். அடுத்த வருஷமே ஹண்ட் பந்தயத்துக்கு முழுக்குப் போட்டார். பிறகு பி.பி.சி.யில் வர்ணனையாளர். கூடவே குடியும், எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வும். 1983-ல் இரண்டாவது கல்யாணம், இரண்டு ஆண் குழந்தைகள், 1989-ல் விவாகரத்து. கைப்பணமும் கரைந்தது.

இதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. அவரைவிட வயதில் மிகவும் இளைய ஒரு பெண்ணைச் சந்தித்தார். ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவள். இந்த முறை மனிதர் வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. குடியை விட்டார். ஓயாமல் ஊதித் தள்ளிய சிகரெட்டையும் விட்டார். லண்டன் தெருக்களில் சைக்கிள் மிதித்தார். இல்லாவிட்டால் ஒரு பழைய ஆஸ்டின் வேன். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் விற்பார்களே, அந்தக் குட்டிக் கிளிகளைக் கூட்டம் கூட்டமாக வளர்த்தார். பிள்ளைகளிடமும் பிரியமான அப்பாவாக இருந்தார்.

சிகரெட்டை நிறுத்திய ஒரு வருஷத்திலேயே, அதனால் கூடியிருந்த இருதய நோய் அபாயம் பாதியாகக் குறைகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பாதிதான், கவனியுங்கள். மிச்சம் வடிய இன்னும் பல வருஷம் ஆகும். "நான்தான் விட்டுட்டேனே, இனி என்ன?" என்று நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பாக நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்கிற வீட்டுக்காரர்களை உடனே கிளப்பிக் கூட்டிப் போங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

1993 ஜூன் 13. கனடா பந்தயத்துக்கு வழக்கம்போல வர்ணனை சொன்னார். மறுநாள், வெளிநாட்டில் விடுமுறையில் இருந்த அந்தப் பெண்ணை டெலிபோனில் கூப்பிட்டார். "என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?" என்று கேட்டார். அவளும் சரி என்றாள்.

15-ஆம் தேதி விம்பிள்டன் வீட்டில் மாரடைப்பு. நாற்பத்தைந்து வயதுதான். சம்மதம் சொன்னவள் ஊர் திரும்பியபோது அவர் இல்லை.